பல்பு வாங்கும் முன்

தொப்பம்பட்டி

அன்புள்ள தம்பிக்கு,

தைப்பூசத்துக்குக் கோயமுத்தூரிலிருந்து ராத்திரியே கிளம்பி வருவதாகவும், அதற்குள் பழைய காருக்கு வெள்ளை எல்.இ.டி. பல்பு போடப்போவதாகவும் அம்மாவிடம் சொன்னாயாம். போனில் சொன்னால் பாதியிலேயே வெட்டிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

உன் வண்டியில் இருப்பது ஹெச்4 ஹாலோஜன், 60/55 வாட். ஒரே பல்புக்குள் இரண்டு இழை. டிம் இழைக்கு அடியில் சின்னதாக ஒரு தகடு இருக்கும். ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாமல் மறிப்பது அதுதான். அதனால்தான் டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல்பக்கம் கத்தரித்தாற்போல் நிற்கிறது. எதிரே வருகிறவர் பக்கம் தாழ்ந்தும், நம் இடதுபக்கம் சற்று ஏறியும் விழுகிறது. ஓரத்தில் நடப்பவர்கள் நமக்குத் தெரிவது அந்த ஏற்றத்தால்தான். இழை எங்கே இருக்கிறது என்று கணக்குப் பார்த்துத்தான் ரிஃப்ளெக்டரையே வளைத்திருக்கிறார்கள். அதில் எல்.இ.டி.யைச் செருகினால் வெளிச்சம் புறப்படும் இடமும் அளவும் மாறி, கண்டபடி சிதறும். உனக்கு ரோடு பளிச்சென்று இருக்கும், எதிரே வருகிறவருக்கு ரோடே இருக்காது. கம்பெனியிலேயே எல்.இ.டி.யோடு வரும் கார்களுக்கு விளக்கு முழுவதும் அதற்கென்றே செய்தது. உயரமான வண்டியென்றால் அதுவும் கண்ணைப் பறிக்கத்தான் செய்கிறது; அந்த வழக்கை நேரில் வைத்துக்கொள்வோம்.

பூச சமயத்தில் தாராபுரம் ரோடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? விடிய விடியப் பாதயாத்திரைக் கூட்டம். போலீஸ்காரர்கள் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். கண் கூசிப்போனவருக்கு அது தெரியவா போகிறது? இதற்கு நடுவில் அப்பா வேறு தோட்டத்திலிருந்து அந்த மொபெட்டில் வருகிறார். 2017 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த இருசக்கர வண்டிகளில் விளக்கு தானாகவே எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அவருடையது அதற்கு முந்தியது, ஆக்சிலேட்டரை விட்டால் விளக்கும் மங்கிவிடும். போதாததற்குக் கண்ணில் புரை. புரை விழுந்த கண்ணுக்கு உள்ளேயே வெளிச்சம் சிதறுவதால், ஒரு காரின் விளக்கு போதும், அவருக்கு எல்லாம் வெள்ளையாகிவிடும்.

அந்தக் காலத்து பஸ், லாரிகளில் விளக்கின் மேல்பாதிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? முரட்டு வைத்தியம்தான், ஆனால் நோக்கம் சரி. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 106-ஆவது விதியும் அதைத்தான் சொல்கிறது: 8 மீட்டர் தள்ளி, வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச்செய்யக் கூடாது. எதிர்வண்டி இருக்கும் பக்கத்தை மட்டும் தானாகவே இருட்டாக்கிக்கொள்ளும் விளக்குகளும் இப்போது வந்துவிட்டன. ஐரோப்பாவில் அது முன்பே ஓடுகிறது, அமெரிக்கா 2022-இல்தான் அனுமதித்தது. உன் வண்டியில் அந்த வேலையை உன் கைதான் செய்ய வேண்டும்.

வெளிச்சம் பத்தவில்லை என்கிறாயே, விளக்கின் முகப்பை ஒருதரம் பார். அது கண்ணாடியல்ல, பிளாஸ்டிக். வெயில் பட்டுப் பட்டு மஞ்சளடித்திருக்கும். பாலிஷ் போட்டாலே பாதிக் குறை தீரும். ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு திருகு இருக்கிறதா என்றும் பார். டிக்கியில் பாரம் ஏற்றினால் வண்டி மூக்கைத் தூக்கும், விளக்கும் மேலே அடிக்கும். அப்போது எண்ணைக் கூட்டினால் விளக்கு இறங்கும். போன தடவை தேங்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு போனபோது அதை நீ தொட்டே பார்த்திருக்கமாட்டாய்.

பல்பை வாங்காதே. பாலிஷ் போட்டு, விளக்கு உயரத்தை மெக்கானிக்கிடம் சரிபார்த்துக்கொண்டு வா. முடிந்தால் பகலிலேயே கிளம்பு.

அன்புடன்,
அக்கா