சும்மா இருப்பதா சுகம்?

வேளா வேளைக்குச் சோறு, படுக்க இடம். இதற்கு மேல் என்ன வேண்டும் என்கிறீர்களா? சிம்பன்ஸிக்கு அது போதாது, சகோதரிகளே!

உகாண்டாவில், விக்டோரியா ஏரியில், இங்காம்பா என்று ஒரு தீவு. தாயைப் பறிகொடுத்த சிம்பன்ஸிகளுக்கு 1998-ல் அங்கே புகலிடம் ஏற்பட்டது. காடு இருப்பதால் அவற்றுக்குப் பொழுது போகிறது. கூண்டில் அடைபட்டதோ முன்னும் பின்னும் ஆடிக்கொண்டேயிருக்கும். தன் ரோமத்தைத் தானே பிடுங்கிக்கொள்ளும்.

1960-ல் ஜேன் குடால் கோம்பே காட்டில் ஓர் அதிசயம் கண்டார். ஒரு சிம்பன்ஸி புல் தண்டைப் புற்றுக்குள் விட்டு, அதில் ஒட்டிவந்த கறையான்களைத் தின்றது! அதனால்தான் புகலிடங்களில் பொய்ப் புற்று கட்டி, துவாரத்தில் தேன் வைக்கிறார்கள். வைக்கோலுக்குள் கடலையை ஒளிக்கிறார்கள். குச்சியை ஒடித்து, இலையை உருவி, துழாவித் துழாவித் தேனை நக்கும்போது அதற்குத் தன் காடு திரும்பக் கிடைத்துவிடுகிறது.

என் மாமியாருக்கு வயது எண்பது. முறத்தைக் கொடுத்துவிடுங்கள் என்றால் கோபம் வந்துவிடும். ஏன் என்று இதைப் படித்த பிறகு விளங்கிற்று. ஒப்பிடுகிறேன் என்று அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்! உட்கார்த்திவைத்துச் சோறு போடுவது தர்மந்தான். கைக்கு ஒரு வேலையும் கொடுப்பதுதான் அன்பு.