பழவேற்காடும் ஒரு வாடகைக் கூடாரமும்

எங்கள் ஆபீஸில் மானேஜர் தலைக்கு மேலே ஒரு காலண்டர் தொங்குகிறது. ஆல்ப்ஸ் மலை, அடியில் நீலமாக ஒரு ஏரி, கரையில் ஆரஞ்சு கலரில் சின்னதாக ஒரு கூடாரம். மானேஜர் திட்டும்போதெல்லாம் நான் அந்தக் கூடாரத்தையே பார்த்துக் கொண்டு நிற்பேன். 'பையன் எவ்வளவு பணிவாக நிற்கிறான்' என்று அவர் நினைத்துக் கொள்வார். எனக்கோ, உள்ளே படுத்திருப்பவனுக்கு லீவு சாங்ஷன் பண்ணிய புண்ணியவான் யார் என்பதுதான் கவலை.

"ஏரிதானே வேணும்? நம்ம பழவேற்காடு இருக்கே!" என்றான் டெஸ்பாட்ச் செக்ஷன் நண்பன். (இனி இவன் பெயர் டெஸ்பாட்ச்.) அக்கவுன்ட்ஸ் நண்பன் ஒருவனும் சேர்ந்து கொண்டான். ஆளுக்கு எவ்வளவு என்று கிளம்புவதற்கு முன்பே மூன்றால் வகுத்து வைத்துவிட்ட மகான். மூன்று பேரும் ஒரு கூடாரத்தை வாடகைக்கு எடுத்துக் கொண்டு, ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினோம். பொன்னேரியில் இறங்கி பஸ். கூடாரப் பையைப் பார்த்த கண்டக்டர், "இன்னா ஸார், ஷாமியானாவா? கல்யாணமா?" என்றார். டெஸ்பாட்ச் வெட்கப்பட்டான். அவனுக்கு நாலு வருஷமாகப் பெண் பார்க்கிறார்கள்.

பழவேற்காடு ஏரியைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. ஒரிஸாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திராவில், நம் பங்குக்குத் தென்கோடி மட்டும்தான். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீர் கொண்டு வர, முகத்துவாரம் வழியாகக் கடல் உப்புத் தண்ணீரை அனுப்ப, இரண்டும் கலந்த இடத்தில் இறாலும் நண்டும் கொழிக்கின்றன. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மதில் சுவர் மாதிரி நீண்டு கிடப்பது ஸ்ரீஹரிக்கோட்டா. ஆமாம், ராக்கெட் விடுகிற அதே தீவு!

இவ்வளவு பெரிய ஏரியின் சராசரி ஆழம் எவ்வளவு தெரியுமா? சுமார் ஒரு மீட்டர். அதாவது நம் இடுப்பு. இந்தத் தகவலை டெஸ்பாட்ச் ரயிலிலேயே நாலு தடவை சொன்னான். "ஆழமே கிடையாதுடா, படகுல போய் நடு ஏரியில இறங்கி நடக்கலாம்!" இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். வாசல் தூண்களில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் வரவேற்கின்றன. ஆடிட் முடிந்த மறுநாள் எங்கள் அக்கவுன்ட்ஸ் செக்ஷன் இப்படித்தான் இருக்கும். 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டி, சோழமண்டலக் கரை வியாபாரத்துக்கே இதைத் தலைநகரமாக வைத்திருந்தார்கள். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. இங்கேயிருந்து துணி போயிற்று, வெடிமருந்து போயிற்று, ஆயிரக்கணக்கில் நம் ஜனங்களும் அடிமைகளாகக் கப்பலேறி பட்டாவியாவுக்குப் போனார்கள். இன்றைக்கும் மலேசியாவில் கட்டம் போட்ட லுங்கிக்கு 'காயின் பெலிக்காட்' என்றுதான் பெயர். பெலிக்காட் என்றால் நம்ம புலிகாட், அதாவது பழவேற்காடு! கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதர். லுங்கி மட்டும் பிழைத்துக் கொண்டது.

கோட்டைக்குப்பம் பக்கமாக ஏரிக்கரைக்குப் போனபோது மணி நாலரை. பளிச்சென்று சமமான மணல். காலண்டர் படம் மாதிரியே ஒரு இடம். பையைப் பிரித்து முளைகளை அடிக்க ஆரம்பித்தோம்.

"தம்பி, இன்னா பண்றீங்க?"

ஒரு பெரியவர். கட்டம் போட்ட லுங்கி, தோளில் துண்டு, கையில் வலை பின்னுகிற ஊசி.

"டென்ட் போடறோம் ஐயா. ஒரு ராத்திரிதான்."

"இங்க படகு ஏத்துவோம். தூங்கறப்ப மேல ஏறிடப் போவுது."

இருபது அடி தள்ளிப் போனோம். "அது வலை காயற இடம்" என்றார். தண்ணீர் ஓரமாகப் போனோம். "அங்க ராத்திரி தண்ணி ஏறும். காலையில ஸ்ரீஹரிக்கோட்டாவுல எந்திரிப்பீங்க."

எங்களுக்கு ஒரே ஆச்சரியம். பட்டா போட்ட மாதிரி வேலியும் இல்லை, போர்டும் இல்லை. ஆனால் அந்தக் கரையில் ஓர் அடி மணல்கூடச் சும்மா கிடக்கவில்லை! அவர் கண்ணுக்கு மட்டும் எல்லாக் கோடும் தெரிகிறது. இது போக, ஏரியில் பறவைகள் சரணாலயப் பகுதி வேறு இருக்கிறது. அதற்குள் நம் இஷ்டத்துக்கு டேரா போட முடியாது.

கடைசியில் வலைக் கொட்டகைக்குப் பின்னால் ஓர் இடம் காட்டினார். கூடாரக் கடைக்காரர் கொடுத்த இரும்பு முளைகள் மணலில் வெண்ணெயில் கத்தி போல இறங்கின. அதைவிடச் சுலபமாக வெளியே வந்தன. காற்று ஒரு தூக்குத் தூக்கியதில், அக்கவுன்ட்ஸ் கூடாரத்தின் வாலைப் பிடித்துக் கொண்டு கொஞ்ச தூரம் ஓடினான். பெரியவர் தலையில் அடித்துக் கொண்டு, நாலு சிமென்ட் சாக்கில் மணலை ரொப்பச் சொல்லி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைக்க வைத்தார். அதற்கப்புறம் கூடாரம் அசையவில்லை. மணலில் கூடாரம் அடிக்கப் போகிறவர்கள் இதைக் குறித்துக் கொள்ளலாம்.

அமெரிக்கக் காடுகளில் ஏரிக்கரையில் தங்குகிறவர்கள், கரடி வரும் என்று சாப்பாட்டை இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டுமாம். எங்களுக்கு அந்த அளவுக்கு இல்லை. மூன்று நாய்கள்தான். கூடாரத்தை அண்ணாந்து ரசித்துவிட்டுத் திரும்பினால் ரொட்டி, பன், ஜாம் எல்லாம் க்ளோஸ். மிச்சம் ஒரு பாக்கெட் பிஸ்கட்.

அப்போதுதான் டெஸ்பாட்ச் பெரியவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"ஐயா, ஒரு ரவுண்டு படகுல கூட்டிட்டுப் போறீங்களா? முகத்துவாரம் வரைக்கும். என்ன வேணுமோ வாங்கிக்குங்க."

"இல்ல தம்பி. தடை."

"யாரு பார்க்கப் போறாங்க? இரண்டாயிரம் தர்றோம்." அக்கவுன்ட்ஸ் திடுக்கிட்டு நிமிர்ந்தான். மூன்றால் வகுபடவில்லை.

"வாணாம்."

"இடுப்பு ஆழம்தானே ஐயா, என்ன பயம்?"

பெரியவர் ஊசியைக் கீழே வைத்தார். "இடுப்பு ஆழம்னுதான் அவங்களும் நெனைச்சிருப்பாங்க" என்றார்.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் லீவுக்குச் சுற்றுலா வந்த குடும்பங்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப் போனார்கள். பெண்கள், குழந்தைகள் எல்லாம் அதில் உண்டு. அதற்கப்புறம்தான் இங்கே சுற்றுலாக்காரர்களைப் படகில் ஏற்றக் கூடாது என்று தடை வந்தது. சராசரி ஒரு மீட்டர் என்பது நாம் புத்தகத்தில் படிக்கிற கணக்கு. முகத்துவாரத்துப் பக்கம் நீரோட்டம் இழுக்கிற இழுப்புக்கு அந்தக் கணக்கு தெரியாது.

"அன்னிக்கு நானும் ஓடினேன்" என்றார் பெரியவர். "மீன் தூக்கற கை தம்பி இது. அன்னிக்கு அதுல கொழந்தைய தூக்கினேன்." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. டெஸ்பாட்ச் அந்த இரண்டாயிரத்தை மெதுவாகப் பாக்கெட்டுக்குள் தள்ளினான். நான் மணலைப் பார்த்துக் கொண்டிருந்தேன். மானேஜர் திட்டும்போது பார்ப்பதற்காவது ஒரு காலண்டர் இருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேச்சை மாற்றினார். வீட்டிலிருந்து ஒரு சட்டி வந்தது. பச்சை நண்டுக் குழம்பும் சோறும். சிங்கப்பூருக்கெல்லாம் உயிரோடு காலைக் கட்டி ஏற்றுமதி பண்ணுகிற ஜாதி நண்டு. ஓட்டை உடைக்கத் தெரியாமல் நாங்கள் பட்ட பாட்டைப் பார்த்து, குழம்பு கொண்டு வந்த ஆயா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த ஊரில் 'பாடு' என்றால் கஷ்டம் இல்லை, முறை! ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் அங்கேயே கழி நட்டு வலை கட்டினால் இறாலைவிட வலைதான் அதிகம் இருக்கும். அதனால் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஊர்க்காரர்கள் சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு யாருக்கு எந்த இடம் என்று பிரித்துக் கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு அடுத்த முறை சுமாரான இடம். யாரும் மூச்சு விடக் கூடாது. தலைமுறை தலைமுறையாக நடக்கிற ஏற்பாடு. எங்கள் ஆபீஸில் ஜன்னலோர ஸீட்டுக்கே வருஷம் பூரா அடிதடி!

"உங்க பாடு எப்போ ஐயா?"

"நாளான்னிக்கு. அதான் இன்னிக்கு உங்களோட கதை பேசிகினு கெடக்கறேன்."

"எங்க பேரையும் சீட்டுல போடுங்களேன்!"

"கண்ணாலம் ஆச்சா?"

"இல்லை."

"அப்ப கெடையாது. கண்ணாலம் ஆன ஆம்பளைக்குத்தான் பாட்டுல பேரு."

டெஸ்பாட்ச் வாழ்க்கையில் இறால்கூடக் கல்யாணத்தைக் கேட்கிறது!

ஆனால் எல்லாமே இனிப்பு இல்லை. பாட்டில் பேர் வேண்டுமென்றால் அந்தச் சமூகத்தில், அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும். மற்ற குப்பத்துக்காரர்கள் வேறு இடம் பார்த்துக் கொள்ள வேண்டியதுதான். அதில் சண்டையும் உண்டு, வருத்தமும் உண்டு. பெரியவர் இதை மறைக்கவில்லை. "அவங்களுக்கும் வயிறு கீதுல்ல" என்றார். அதோடு, மணல் சேர்ந்து முகத்துவாரம் அடிக்கடி அடைத்துக் கொள்கிறது. அடைத்தால் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறாலும் வராது. பங்கு போட ஆள் கூடிக்கொண்டே போகிறது, பங்கு போடுகிற பண்டம்தான் குறைகிறது. தெற்கே அனல் மின் நிலையமும் துறைமுகமும் வந்ததிலிருந்து கரையே மாறிப் போச்சு என்பது அவர் கட்சி. வடக்கே ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்று உத்தரவு. "நெலாவுக்குப் போறாங்க, நல்லாத்தான் போறாங்க. நாங்க கரையில நின்னு கைத்தட்டறோம்" என்றார். கிண்டலா, பெருமையா, கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும்தான் போல.

ராத்திரி தூரத்தில் அசைகிற விளக்குகளையே பார்த்துக் கொண்டு படுத்திருந்தோம். ஆல்ப்ஸ்காரனுக்குக் குளிர், எங்களுக்குக் கொசு. அக்கவுன்ட்ஸ் மட்டும் குறட்டை விட்டான். கொசுக்களும் மூன்றால் வகுத்துக் கொண்டிருக்கும்.

விடிகாலையில் கூடாரத்தை விட்டுத் தலையை நீட்டினால், கரையோரத் தண்ணீரில் வரிசையாகப் பெண்கள். முக்கால் உடம்பு சேற்றுத் தண்ணீருக்குள். ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக் கொண்டு, இரண்டு கையாலும் அடிமண்ணைத் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலை கிடையாது, படகு கிடையாது, சீட்டில் பேரும் கிடையாது. பனிக் குளிரில் மணிக்கணக்காக இதுதான் வேலை. டெஸ்பாட்ச் காமிராவை எடுத்தான். என்ன நினைத்தானோ, மறுபடி உறையில் போட்டுவிட்டான்.

அவர்களுக்கும் அப்பால், கண்ணுக்கெட்டிய கடைசியில், வெளிறின ரோஸ் கலரில் ஒரு கோடு. யாரோ சேலை காயப் போட்ட மாதிரி. உற்றுப் பார்த்தால் அந்தக் கோடு நடந்தது. பூநாரைகள்! ஆயிரமோ இரண்டாயிரமோ, எண்ணுவதற்கு அக்கவுன்ட்ஸை எழுப்பினோம். அவன் எழுந்து வருவதற்குள் கோடு அப்படியே எழும்பி, அடி இறக்கை சிவப்பாகப் பளீரிட, ஆந்திரா பக்கம் போய்விட்டது. படகில் போயிருந்தாலும் இவ்வளவுதான் பார்த்திருப்போம்.

கூடாரத்தைச் சுருட்டிக் கொண்டு பெரியவர் வீட்டு வாசலுக்குப் போனோம். இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்று பணத்தை நீட்டினால் வாங்கவில்லை. மிச்சமிருந்த பிஸ்கட் பாக்கெட்டை மட்டும் வாங்கிப் பேரனிடம் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்து வந்தார்.

பஸ் கிளம்பும்போது டெஸ்பாட்ச் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அடுத்த வருஷமும் வருவோம் ஐயா!" என்றான்.

"வாங்க, வாங்க. பொண்டாட்டியோட வாங்க" என்றார் பெரியவர். "படகுல மட்டும் ஏத்த மாட்டேன்."