ஒன்பது சுரங்களும் ஓயாத மூச்சும்

பேக்பைப் என்னும் தோற்பைக் குழலைப் பயில வருவோர்க்கு முதலில் அக்கருவி கொடுக்கப்படுவதில்லை. இதுவே எங்களுக்கு வாய்த்த முதல் வியப்பு. பணியின் பொருட்டு ஸ்காட்லாந்து நாட்டில் குடியேறிய எங்கள் குடும்பம் அங்குள்ள சிற்றூர் ஒன்றில் வாழ்ந்து வருகிறது. அவ்வூர் மக்கள் தாமே கூடி நடத்தும் பைப் பேண்டில் எங்கள் மகள் டிரம் பயிலச் சேர்ந்தாள். செவ்வாய்க்கிழமை தோறும் மாலையில் அவளை அழைத்துச் சென்று, பயிற்சி முடியுமட்டும் மண்டபத்தின் மூலையில் அமர்ந்திருப்பது பெற்றோராகிய எங்கள் வழக்கம். மூன்றாம் வாரத்தில், பைப் மேஜர் எனப்படும் குழுத்தலைவர் எங்களை நெருங்கி வந்தார். "சும்மா இருக்கும் விரல்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது" என்று சொல்லி, ஆளுக்கொரு பயிற்சிக் குழலைக் கையில் தந்துவிட்டுப் போனார். கட்டணம் ஏதுமில்லை, குழலும் இரவல்தான். கற்பிப்போர் அனைவரும் பகலெல்லாம் வேறு தொழில் புரிந்துவிட்டு வருபவர்கள்.

பயிற்சிக் குழலில் பை இல்லை. நம் நாகசுரத்தைப் போலவே சீவாளி உண்டு. ஆனால் அது ஒரு மூடியினுள் மறைந்திருப்பதால் உதடு அதைத் தீண்டுவதில்லை. ஏறத்தாழ ஓராண்டு, சிலர்க்கு அதற்கும் மேலாக, இக்குழலோடுதான் வாழ்வு. மொத்தம் ஒன்பதே சுரங்கள். இவ்வளவுதானா என்று எண்ணத் தோன்றும். ஆயின் இக்கருவியில் ஓசையைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பையில் காற்று உள்ளவரை ஒலி நிற்பதுமில்லை. அப்படியானால் ஒரே சுரத்தை இருமுறை ஒலிப்பது எங்ஙனம்? இடையே இன்னொரு விரலை மின்னலென எடுத்து வைத்து, வேறொரு சுரத்தை இமைப்பொழுது தீண்டவேண்டும். அந்தச் சிறு தீண்டல்களே இவ்விசையின் எழுத்துக்கூட்டு. அவற்றைப் பழகுவதிலேயே எங்கள் முதல் குளிர்காலம் கழிந்தது.

பழைய ஆசிரியர்கள் பாடத்தை ஏட்டில் எழுதித் தரவில்லை. வாயால் பாடியே கற்பித்தனர். ஸ்கை தீவில் மக்லவுட் குலத்தலைவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் குழலூதிய மக்ரிமன் குடும்பத்தார் இம்முறையில் புகழ்பெற்றவர்கள். இதில் உயிரொலிகள் பெரும்பாலும் சுரத்தையும், மெய்யொலிகள் விரல் தீண்டல்களையும் குறிக்கும். எங்கள் ஆசிரியர் ஒருநாள் இவ்வாறு பாடிக்காட்டியபோது நாங்கள் ஒருவரையொருவர் நோக்கிக்கொண்டோம். 'தகதிமி' என்று சொற்கட்டு சொல்லி மிருதங்கம் கற்பிக்கும் நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிதன்று. மறுவாரம் அவருக்கு ஒரு சொற்கட்டைச் சொல்லிக் காட்டினோம். அவர் அதை மும்முறை கேட்டு, மேசைமீது தட்டியும் பார்த்தார்.

பதினான்கு திங்கள் கழிந்தபின் எங்களுள் ஒருவருக்குப் பை வழங்கப்பட்டது. மற்றவருக்கு இன்னும் விரல் தெளியவேண்டும் என்றனர். பையை இடக்கையின் கீழ் அணைத்து, ஊதிய காற்றை முழங்கையால் அழுத்தவேண்டும். மூச்சை உள்ளிழுக்கும் அந்தக் கணத்தில் கையே மூச்சாக நிற்கவேண்டும். அழுத்தம் சற்றே தளர்ந்தால் தோள்மேல் சாய்ந்திருக்கும் மூன்று சுருதிக் குழல்களும் தள்ளாடும். அவற்றின் பணி நாகசுரத்துக்கு ஒத்து ஊதுவோரின் பணியேயாகும். ஆலயத்தில் ஆர்கனோடு இணைத்து வாசிக்கலாகாதா என்று ஊரிலிருந்து உறவினர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அது எளிதன்று. பைப்பர்கள் 'ஏ' என்று குறிக்கும் சுரம், ஆர்கனின் 'பி பிளாட்'டைவிடவும் சற்று உயர்ந்தே ஒலிக்கிறது.

இதற்குள் மகள் எங்களைக் கடந்து நெடுந்தூரம் சென்றுவிட்டாள். டிரம் கற்போர்க்கும் முதலில் டிரம் இல்லை. ரப்பர் பலகையும் இரண்டு குச்சிகளுமே. வலம், இடம், வலம் வலம் என்று அவள் உணவு மேசையிலும் தட்டிக்கொண்டிருப்பாள். 1986-இல் மறைந்த அலெக்ஸ் டதார்ட் என்பவர் இந்நாட்டு டிரம் இசையைப் புதுநெறியில் திருப்பியவர். அவருடைய பெயரை அவள் புனிதர் ஒருவரின் பெயரைப்போல் பக்தியுடன் உச்சரிக்கிறாள்.

ஈராண்டு நிறைந்த கோடையில் போட்டி ஒன்று வந்தது. பைப் மேஜர் பெயர்களை வாசித்தார். மகளின் பெயர் இருந்தது. எங்கள் பெயர் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமையும் தவறாமல் வந்தவர்கள் நாங்கள். வீடு திரும்பும் வழியில் எவரும் பேசவில்லை. வாயிலில் வந்து நின்ற மகள், "நீங்கள் இல்லையென்றால் நானும் போகவில்லை, அம்மா" என்றாள்.

'யாவரும் வருக' என்று அழைக்கும் ஊர்க்குழு, போட்டியன்று மட்டும் சிலரை விலக்குவது முறையா? அன்றிரவு நெடுநேரம் இதையே பேசினோம். பத்துப் பைப்பர்கள் சேர்ந்து ஒரே இசையை ஊதுகையில் கேட்போர்க்கு ஒரு குழலாகவே கேட்கவேண்டும். ஓசையைத் தணித்துப் பிறர் பின்னே ஒளிந்துகொள்ள இக்கருவி இடம் தராது. ஒரு விரல் பிந்தினால் பத்துப் பேருடைய உழைப்பும் கலையும். ஆகவே தலைவர் செய்தது சரியே என்ற முடிவுக்கு வந்தோம். எங்களுள் ஒருவருக்கு இன்றும் இதில் முழு உடன்பாடில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம். ஆயினும் மகளிடம், "உன் இடத்தை நீ உழைத்துப் பெற்றாய், எங்களுக்காக அதை விட்டுக்கொடுக்காதே" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

போட்டிக் களத்தில் குழுவினர் வட்டமாக, உள்நோக்கி நிற்பர். சுற்றியிருக்கும் மக்களுக்குத் தெரிவது அவர்களுடைய முதுகுகளே. டிரம்கள் இருமுறை உருட்டொலி எழுப்புவதற்குள் சுருதிக் குழல்கள் யாவும் ஒருங்கே விழித்தெழ வேண்டும். உடனே இசை தொடங்க வேண்டும். நாங்கள் டிரம் உறைகளையும் மேலங்கிகளையும் சுமந்து, கயிற்றுக்கு வெளியே நின்றோம். மகளின் பின்னலையும் அசையும் முழங்கைகளையும் மட்டுமே கண்டோம். நடுவர்கள் வட்டத்தைச் சுற்றி நடந்து குறிப்பெழுதினர். பரிசு கிட்டவில்லை.

நவம்பர் மாதத்து இரண்டாம் ஞாயிறு, போரில் மாண்டோரை நினைவுகூரும் நாள். 1915-இல் லூஸ் போர்க்களத்தில் நச்சுப்புகையின் நடுவே பதுங்குகுழி விளிம்பில் நின்று குழலூதிய டேனியல் லெய்ட்லாவுக்கு விக்டோரியா கிராஸ் விருது கிடைத்ததை இங்குப் பலரும் அறிவர். அன்று பட்டியல் ஏதும் வாசிக்கப்படவில்லை. பை ஏந்தத் தெரிந்த அனைவரும் வருக என்றார் பைப் மேஜர். பை இன்னும் கிட்டாதவரை ஓரமாக நடந்துவந்து நினைவுத்தூணுக்குரிய மலர்வளையத்தைச் சுமக்கச் செய்தார்.

பதினொரு மணிக்கு இரண்டு நிமிட மௌனம். அதையொட்டி ஒரே ஒரு பைப்பர், 1513-ஆம் ஆண்டு ஃபிளாட்டன் போரில் மடிந்தோர்க்கான பழைய புலம்பலை இசைத்தார். பொது இடங்களில் பைப்பர்கள் பலர் அதை அடக்கச் சடங்கிலும் நினைவு வழிபாட்டிலும் அன்றி வாசிப்பதில்லை. பின்னர் அனைவரும் அணிவகுத்துத் திரும்பினோம். குளிரில் விரல்கள் மரத்தன. குளிர் மிக மிகச் சுருதியும் இறங்கிற்று. டிரம் அணி பைப்பர்களுக்குப் பின்னே வருவது வழக்கமாதலால், இம்முறை மகள் எங்கள் பின்னே நடந்தாள். கடைவீதி முழுவதும் அவளுடைய டிரம் ஒலி முதுகில் தட்டிக்கொண்டே வந்தது.

இவ்வாண்டு மற்றவர்க்கும் பை கிடைத்துவிட்டது. அண்டை வீட்டார் இதுவரை பொறுமை காத்து வருகின்றனர்.