நம்ம பக்கத்து ஆளு

அப்பா ‘மெக்கன்னாஸ் கோல்ட்’ படத்தைப் பதினோரு தடவை பார்த்தவர். அது அவர் சொன்ன கணக்கு. அம்மாவைக் கேட்டால் கூடவே சொல்வாள். மதுரையில் ஒரு மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு நேராக மேட்னிக்குக் கிளம்பிவிடுவார். இங்கிலீஷ் படம் மட்டும்தான். இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. “பேச்சு எதுக்குடா? குதிரை என்ன இங்கிலீஷ்லயா ஓடுது?” என்பார்.

1989 வாக்கில் அந்தப் படம் மறுபடியும் வந்தபோது என்னையும் கூட்டிப் போனார். எனக்கு எட்டு வயது. படம் 1969இல் வந்தது. அமெரிக்காவில் பெரிதாக எடுபடவில்லை. இந்தியாவிலும் சோவியத் ஒன்றியத்திலும் மட்டும் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. விடிகாலையில் சூரியன் ஏற ஏற ஒற்றைப் பாறையின் நிழல் நீண்டுகொண்டே போகும். அதைத் துரத்திக்கொண்டு எல்லாக் குதிரைகளும் ஓடும். நிழல் போய்த் தொடுகிற இடத்தில் தங்கப் பள்ளத்தாக்குக்கு வழி. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆனால் அப்பா பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. கிரிகரி பெக்கைப் பணயமாகப் பிடித்து வைத்திருக்கிற கொள்ளைக்காரன் திரையில் வரும்போதெல்லாம் முழங்கையால் என்னை இடிப்பார். “அந்த மீசக்காரனப் பாரு. அவன் வெள்ளக்காரன் இல்லடா. நம்ம பக்கத்து ஆளு.”

அந்த நடிகரின் பெயர் அப்பாவுக்குத் தெரியாது. ஓமர் ஷெரீஃப் என்று நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். 1932இல் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் மிஷேல் ஷல்ஹூப். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் அரேபியர், ‘டாக்டர் ஷிவாகோ’வில் ரஷ்யர், இந்தப் படத்தில் கொலராடோ என்கிற மெக்சிகோ கொள்ளைக்காரன். எகிப்து எங்கே இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா, சந்தேகம்தான். ஆனாலும் இத்தனை தொப்பிகளுக்கு நடுவே வெளியூர்க்காரன் யார் என்று அவர் கண் சரியாகப் பிடித்துவிட்டது.

2005இல் சென்னையில் ஒரு கால் சென்டரில் சேர்ந்தேன். அமெரிக்க வாடிக்கையாளர்கள், இரவு வேலை. முதல் நாளே ஒரு பெயர்ப் பட்டியலை நீட்டினார்கள். “உங்க பேரு அவங்க வாயில நுழையாது. ஒண்ணு செலக்ட் பண்ணுங்க.” இளங்கோ என்கிற நான் ஆலன் ஆனேன். பிறகு உச்சரிப்புப் பயிற்சி. அமெரிக்கப் பேச்சு காதில் விழவேண்டும் என்று மதியங்களில் படம் போடுவார்கள். அப்படி ஒருநாள் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ ஓடியது. கிளின்ட் ஈஸ்ட்வுட் பேசும்போது ஓரளவு சரியாக இருந்தது. மற்றவர்கள் பேசும்போது வாய் ஒரு பக்கம் போனது, குரல் ஒரு பக்கம் போனது. “சார், டிவிடி கோளாறா?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சியாளருக்கும் விடை தெரியவில்லை.

கோளாறு டிவிடியில் இல்லை. 1964இல் வந்த அந்தப் படம் இத்தாலியர்கள் ஸ்பெயினில் எடுத்தது. அன்றைய இத்தாலிய சினிமாவில் படப்பிடிப்பில் பேசுகிற குரலைப் படத்துக்குப் பயன்படுத்துவதில்லை. எல்லாம் பிறகு டப்பிங்கில்தான். அதனால் இத்தாலியர் இத்தாலியிலும் ஸ்பானியர் ஸ்பானிஷிலும் ஜெர்மானியர் ஜெர்மனிலும் வசனம் பேசலாம். எதிரில் நிற்பவர் என்ன சொல்கிறார் என்று புரியாமலேயே துப்பாக்கியை உருவலாம். இத்தாலிக்காரன் எடுக்கிற கௌபாய் படத்தை இத்தாலியில் யார் நம்புவார்கள் என்ற பயத்தில் பெயர்களையும் மாற்றிக்கொண்டார்கள். வில்லனாக நடித்த ஜான் மரியா வொலோன்தே டைட்டிலில் ஜான் வெல்ஸ். இசையமைத்த என்னியோ மோரிக்கோனே, டான் சேவியோ. இயக்கிய செர்ஜியோ லியோனே, பாப் ராபர்ட்சன்.

இந்த வழக்கம் பல வருஷம் நீடித்தது. வெனிஸில் பிறந்த மாரியோ ஜிரொத்தி, டெரன்ஸ் ஹில் ஆனார். ஒலிம்பிக்ஸில் இத்தாலிக்காக நீந்திய கார்லோ பெதர்சோலி, பட்வைசர் பீரிலிருந்து பாதியும் நடிகர் ஸ்பென்சர் ட்ரேசியிடமிருந்து பாதியும் எடுத்து பட் ஸ்பென்சர் ஆனார். இவர்களோடு ஒப்பிட்டால் எங்கள் கால் சென்டர் பட்டியல் ரொம்பச் சாதாரணம்.

யோசித்துப் பார்த்தால், அந்தப் படப்பிடிப்பில் வெளிநாட்டு நடிகர் ஈஸ்ட்வுட்தான். தொலைக்காட்சித் தொடரில் நடித்துக்கொண்டிருந்தவர், 15,000 டாலர் சம்பளத்துக்கு, மொழி தெரியாத ஊருக்கு வந்திருந்தார். இத்தாலியத் திரையரங்குகளில் அவருக்கும் சொந்தக் குரல் கிடையாது. என்ரிகோ மரியா சலெர்னோ என்ற நடிகர் அவருக்காகப் பேசினார். அமெரிக்காவின் கதையில் ஒரே அமெரிக்கர், அவரும் இரவல் குரலில்.

நான் ஆலனாகி ஒரு வருஷம் இருக்கும். அப்பா கண் ஆபரேஷனுக்காகச் சென்னை வந்து திருவல்லிக்கேணியில் என் மேன்ஷன் அறையில் தங்கியிருந்தார். பகலில் நான் தூங்குவேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் எழுப்பி, “யாருடா ஆலன்?” என்றார். தூக்கத்திலேயே வாடிக்கையாளரிடம் பேசியிருக்கிறேன். வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன். பெயர்ப் பட்டியல், உச்சரிப்பு, எல்லாம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

“இனிஷியல் என்ன?”

“அதெல்லாம் கிடையாதுப்பா. வெறும் ஆலன்தான்.”

“ம்” என்று சொல்லிவிட்டு பேப்பரை எடுத்துக்கொண்டார். அவர் பெயர் தங்கராசு. பள்ளிக்கூட நோட்டு, ரேஷன் கார்டு, ரிசர்வேஷன் சார்ட் என்று எங்கே போனாலும் என் பெயருக்கு முன்னால் ஒரு ‘த’ வந்துகொண்டிருந்தது. அது இல்லாமல் நான் தினமும் எட்டு மணி நேரம் இருந்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். ஆனால் அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

லியோனேயின் அப்பாவும் சினிமா இயக்குநர். மௌனப்பட காலத்திலிருந்து படமெடுத்தவர், நிஜப் பெயர் வின்சென்சோ. சினிமாவுக்காக ரொபெர்தோ ரொபெர்தி என்று வைத்துக்கொண்டிருந்தார். பாப் ராபர்ட்சன் என்றால் ராபர்ட்டின் மகன். வெள்ளைக்காரப் பெயர் வைத்தே ஆகவேண்டும் என்று வந்தபோது மகன் அதற்குள் அப்பனின் பெயரை நுழைத்துவிட்டார். இது எனக்குத் தெரியவந்தபோது அப்பா இல்லை. இருந்திருந்தால் போன் போட்டுச் சொல்லியிருப்பேன்.

வெஸ்டர்ன் ஏன் மங்கிப்போனது என்று கேட்டால் வழக்கமாகச் சில பதில்கள் வரும். திகட்டிவிட்டது என்பது ஒன்று. 1959இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மாலை நேரத்தில் மட்டும் இருபத்தைந்துக்கு மேற்பட்ட வெஸ்டர்ன் தொடர்கள் ஓடின. வியட்நாம் போருக்குப் பிறகு, துப்பாக்கியோடு வரும் அமெரிக்கனை நல்லவன் என்று நம்புவது கஷ்டமாகிவிட்டது. 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வந்ததும் பையன்கள் குதிரையிலிருந்து இறங்கி விண்கலத்தில் ஏறிக்கொண்டார்கள். இத்தாலியர்களும் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஐந்நூறு படம்போல எடுத்துத் தள்ளி, கடைசியில் ‘டிரினிட்டி’ படங்களில் தங்களையே கிண்டல் செய்து சிரித்து முடித்துக்கொண்டார்கள்.

எல்லாம் சரிதான். இவற்றோடு நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். வெஸ்டர்ன் என்பது யார் வேண்டுமானாலும் யாராகவும் வேஷம் கட்டக்கூடிய பொட்டல் காடு. 1960இல் ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ படத்தில் விளாடிவோஸ்டாக்கில் பிறந்த யூல் பிரின்னர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குத் தலைவராகிறார். பெர்லினில் பிறந்த ஹோர்ஸ்ட் புக்ஹோல்ட்ஸ் மெக்சிகோ இளைஞனாகிறார். 1968இல் ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்’டின் நாயகி கிளாடியா கார்டினாலே துனிஸில் பிறந்தவர். சிவகாசியில் அச்சடித்து நாங்கள் வாசித்த டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் பிறந்தவர். 1972இல் ‘கங்கா’வில் நம்ம ஜெய்சங்கரே தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரை ஏறினார். அந்த வேஷத்தில்தான் உலகம் முழுக்க இருந்த எங்கப்பாக்களுக்கு ஓர் இடம் இருந்தது.

அந்தச் சுதந்திரத்துக்கு விலை கொடுத்தது யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே ‘மெக்கன்னாஸ் கோல்ட்’டில் அப்பாச்சிப் பெண்ணாக வரும் ஜூலி நியூமார் அப்பாச்சி அல்ல. மேற்கு ஜெர்மனியின் கார்ல் மே படங்களில் அப்பாச்சித் தலைவன் வினெட்டூவாக நடித்தவர் பியர் பிரைஸ் என்ற பிரெஞ்சுக்காரர். கிழக்கு ஜெர்மனி 1966 முதல் எடுத்த படங்களில் செவ்விந்திய வீரனாக வந்த கொய்கோ மிட்டிச் ஒரு செர்பியர். எகிப்துக்காரர் மெக்சிகோக்காரர் ஆகலாம், பிரெஞ்சுக்காரர் அப்பாச்சி ஆகலாம், அப்பாச்சி மட்டும் அப்பாச்சியாக முடியாது. 1970இல் ‘லிட்டில் பிக் மேன்’ படத்தில் கனடாவின் பூர்வகுடித் தலைவரான சீஃப் டான் ஜார்ஜ் நடித்து ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, பழுப்புச் சாயம் பூசிய முகங்களை முன்னைப்போலப் பார்க்க முடியவில்லை. “நீ நிஜத்தில் யார்?” என்ற கேள்வி நியாயமாகவே வந்தது. அது வந்ததும் வேஷம் கட்டுகிற பொட்டல் சுருங்க ஆரம்பித்தது.

இதில் ‘ஹெவன்ஸ் கேட்’ படத்தின் கதைதான் எனக்குத் தாங்காது. 1980இல் மைக்கேல் சிமினோ இயக்கியது. வயோமிங்கில் மாட்டுப்பண்ணை முதலாளிகள் கூலிக்கு ஆள் வைத்துக் குடியேறிகளை வேட்டையாடுகிற கதை. நாயகி பிரெஞ்சு நடிகை இசபெல் ஊபேர். அவர் வேண்டாம் என்று ஸ்டுடியோ மல்லுக்கு நின்றது, சிமினோ விடவில்லை. படத்தில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைகள் தங்கள் மொழிகளிலேயே கத்துகிறார்கள், அழுகிறார்கள், கூட்டம் போடுகிறார்கள். அமெரிக்க மேற்கு என்பதே வெளியூர்க்காரர்களின் ஊர் என்று அவரவர் நாக்கிலேயே சொல்லவந்த படம். 44 மில்லியன் டாலர் செலவில் எடுத்து அமெரிக்காவில் மூன்றரை மில்லியன் அளவுக்குத்தான் வசூல். அடுத்த வருஷமே யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்டுடியோ கைமாறியது. அதற்குப் பிறகு வெஸ்டர்ன் என்று வாயெடுத்தாலே ஹாலிவுட் பர்ஸை மூடிக்கொண்டது.

இப்போது அபூர்வமாக வருகிற வெஸ்டர்ன்களில் வெளிநாட்டு நடிகர் பெரும்பாலும் வெளிநாட்டவராகவே வருகிறார். ‘தி சால்வேஷன்’ படத்தில் மேட்ஸ் மிக்கெல்சன் டென்மார்க்கிலிருந்து வந்த முன்னாள் சிப்பாய். ‘தி டெட் டோன்ட் ஹர்ட்’டில் லக்ஸம்பர்க்கின் விக்கி கிரீப்ஸ் பிரெஞ்சு பேசும் கனடாப் பெண். 1971லேயே ‘ரெட் சன்’னில் தொஷிரோ மிஃபுனே சாமுராய் உடையோடு வாளை எடுத்துக்கொண்டு கௌபாய்களுக்கு நடுவே நடந்தார். நல்ல மாற்றம்தான். கூட்டம்தான் இல்லை.

இவர்கள் எல்லோரையும்விட எனக்கு நெருக்கமானவன் ‘அன்ஃபர்கிவன்’ படத்தின் இங்கிலீஷ் பாப். நடித்தவர் அயர்லாந்தின் ரிச்சர்ட் ஹாரிஸ். பிரபு வம்சத்து உச்சரிப்பில் ராணியைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டு ஊருக்குள் வருவான். ஷெரீஃப் அவனை நடுத்தெருவில் போட்டு மிதித்து, வண்டியில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்புவான். போகும்போது பாப் திட்டுவான். அப்போது அந்தப் பிரபு உச்சரிப்பு கழன்று, அடித்தட்டு லண்டன்காரன் வெளியே வந்துவிடுவான். முதன்முறை பார்த்தபோது எனக்கு வியர்த்தது. ஒருமுறை மியூட் பட்டனை அழுத்திவிட்டதாக நினைத்து, கத்திக்கொண்டிருந்த வாடிக்கையாளர் காதிலேயே “ஐயோ சாமி, ஆள விடுய்யா” என்று சொல்லியிருக்கிறேன். மறுமுனையில் சட்டென்று அமைதி. அந்த அமைதியில் ஆலன் செத்துப்போனான். அந்தப் படத்தின் முடிவில் ஈஸ்ட்வுட் ‘செர்ஜியோவுக்கும் டானுக்கும்’ என்று சமர்ப்பணம் போட்டிருப்பார். பாப் ராபர்ட்சன் பெயர் அங்கே இல்லை.

அப்பா 2011இல் போனார். கருமாதியன்று மில்லில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, நீதான் அந்த த. ஆலனா?” என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை.

“உங்கப்பன் டீக்கடையில அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிவான். மெட்ராஸ்ல வெள்ளக்காரன் கம்பெனில என் மகனுக்கு ஆலன்னு பேரு, த. ஆலன்னு. இன்னும் அந்த வேலையிலதான் இருக்கியா?”

விட்டு மூன்று வருஷமாகிறது என்றேன்.

“நல்லது” என்றார். பிறகு, அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அந்தத் தங்க மலைப் படம் பதினோரு தடவன்னு சொல்லியிருப்பானே. பதினாலு தம்பி. எல்லாத்துக்கும் நானும் கூடப் போனேன்.”