கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கும் தீந்தை

வீட்டில் பழைய காரொன்றைத் திருத்துகிறார்கள் என்றால், அது ஆண்களின் வேலை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் சகோதரிகளே, அந்த வேலை நடப்பது நமது முற்றத்தில். அதன் தூசி வந்து படிவது நமது குசினியில். நாளை அதில் ஏறிப்போவதும் நமது பிள்ளைகள்தாம்.

எங்கள் வாப்பா பாவித்த 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர், அவர் மௌத்தான பிறகு காலியிலுள்ள எங்கள் வீட்டுக் கொட்டிலிலேயே நின்றது. 1948இல் அறிமுகமாகிய இந்த வகை, பிரித்தானியாவில் பத்து இலட்சத்தை எட்டிய முதலாவது காராகும். மேலே நிறம் மங்கியிருந்ததே தவிர, பார்வைக்குப் பெரிய குறையில்லை. கடற்காற்றின் உப்பு அடிப்பாகத்தைத்தான் பிடித்திருந்தது.

"வெளியே நல்ல பெயின்ட் அடிச்சாப் போதாதா உம்மா? அடியில யார் பார்க்கப் போறாங்க?" என்றான் மகன்.

"பார்க்கிறதுக்கு இல்ல மகன். கடுகண்ணாவ இறக்கத்தில கார் நிக்கிறதுக்கு" என்றேன். கண்டியில் இருக்கும் மகள் வீட்டுக்கு அந்த வழியாகத்தானே போகவேண்டும்!

இந்தக் காருக்கு லொறியைப் போலத் தனியான சேசி கிடையாது. உடலோடு ஒட்டிய பெட்டி வடிவச் சட்டங்களே பாரத்தைத் தாங்குகின்றன. பிரேக்கின் பிரதான சிலிண்டரும் சாரதியின் காலடியில் அந்தச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது. சட்டம் உக்கினால் பிரேக்கையும் நம்பமுடியாது.

காரை உயர்த்தி, இரும்புத் தாங்கிகளில் நிறுத்தினோம். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கக்கூடாது. சீமெந்துக் கல்லும் வேண்டாம். அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும்.

முதல் சில்லைக் கழற்றி ட்ரம்மை எடுத்ததும், உள்ளேயிருந்த கரும்பொடியைக் காற்றடித்துப் பறக்கவிட மகன் ஆயத்தமானான். நான் விடவில்லை. அக்காலத்துப் பிரேக் லைனர்களில் அஸ்பெஸ்டோஸ் கலந்திருந்தது. 1999இல் பிரித்தானியா அதைத் தடைசெய்ததும் சும்மா அல்ல. சுவாசத்தோடு உள்ளே போகும் அந்த நுண்ணிய நார்கள், பல்லாண்டுகள் கழித்து நுரையீரலில் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். சவர்க்காரத் தண்ணீரால் நனைத்து, பழந்துணியால் துடைத்து, அந்தத் துணியை ஈரத்தோடே பொலித்தீன் பையில் கட்டினோம். வேலை உடுப்புகளை வேறாகக் கழுவினேன். பேரப்பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை.

பிறகு தூரிகை என் கைக்கு வந்தது. கிறீஸை மண்ணெண்ணெயால் கரைத்து, சவர்க்காரத்தால் கழுவிக் காயவிட்டோம். எண்ணெய்ப் பசை இருந்தால் தீந்தை ஒட்டாது. கம்பித் தூரிகையால் கறளைச் சுரண்டினோம். இரண்டு இடங்களில் இரும்பே ஓட்டையாகிவிட்டது. அங்கே வெட்டிப் புதுத் தகடு ஒட்டவைத்தோம். உக்கிய இரும்பைத் தீந்தை மறைக்குமே தவிரக் காப்பாற்றாது. மழையில்லாத நாள் பார்த்து ரெட் ஒக்சைட் பூசி, அதன்மேல் கறுப்புத் தீந்தையை மெல்லியதாக இரண்டு முறை பூசினேன். சட்டத்தின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை அடைக்கவில்லை. அவை அடைபட்டால் உள்ளே தங்கும் தண்ணீரே சட்டத்தைத் தின்றுவிடும்.

பிரேக் பாகங்களுக்கு எங்கே பூசக்கூடாது என்பதைத்தான் முதலில் அறியவேண்டும். ட்ரம்மின் வெளிப்புறத்துக்கு மட்டும் சூடு தாங்கும் தீந்தை பூசினேன். சாதாரணத் தீந்தை அந்தச் சூட்டில் கருகிவிடும். லைனர் உரசும் உட்புறத்தில் ஒரு துளியும் படக்கூடாது. சில்லும் ட்ரம்மும் பொருந்தும் முகத்தில் தடிப்பாகப் பூசினால், அது நசுங்கி நட்டுகள் தளரலாம். இறப்பர்க் குழாய்களையும் பிரேக் எண்ணெயில் காற்றெடுக்கும் துளைகளையும் மூடிக் கட்டிவிட்டே தூரிகையைத் தொட்டேன். அந்த எண்ணெய் சிந்தினால் தீந்தையே உரிந்துவிடும். உடனே தண்ணீரால் கழுவவேண்டும்.

தீந்தை கறளைத் தடுக்கும், பிரேக்கைத் திருத்தாது. ஆகவே சிலிண்டர்களையும் லைனர்களையும் கைதேர்ந்த மெக்கானிக் ஒருவரே பூட்டினார். அவரே ஓட்டிப் பார்த்துச் சரி சொன்ன பின்னர்தான் கார் வீதிக்கு இறங்கியது.

இப்போது வெளிப்புறத்தை மினுக்குவது மகனின் வேலை. ஒவ்வொரு வருடமும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு, டோர்ச் லைட்டோடு குனிந்து அடியைப் பார்ப்பது மட்டும் என் பொறுப்பு.