மூடிய கதவைத் திறக்க

வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒட்டுச்சுவர் வீடுகளிலும் ஒருவர் அடுப்புப் புகை அடுத்தவர் கட்டில்வரை போகும். அயலவரின் முறைப்பாடு நீதவானிடம் போய்க் கடை மூடப்பட்டதும் கட்டட உரிமையாளர்கள் என்னிடம் முதலில் கேட்பது: “சேர், மாவட்ட நீதிமன்றத்தில தடையுத்தரவு எடுக்கலாமா?”

எடுக்க முடியாது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, தொல்லையை நீக்கச் சொல்லி 98ஆம் பிரிவின் கீழ் முறையாகப் பிறந்த கட்டளையைக் குடியியல் நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த இடம் தரவில்லை. சட்டப் பிழை இருந்தால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனு போடலாம். 106ஆம் பிரிவின் அவசரக் கட்டளை வேறு. சாதாரணமாக 14 நாட்களுக்கு மேல் நிற்காது, பாதிக்கப்பட்டவர் கேட்டால் நீதவானே மாற்றலாம்.

98இன் கட்டளை முதலில் நிபந்தனையோடுதான் வரும்: குறித்த காலத்துக்குள் தொல்லையை நீக்கு, அல்லது குறித்த நாளில் வந்து இதை நீக்கவோ மாற்றவோ கேள். அந்த நாளில் சாட்சியம் வைக்கலாம். வராமல் விட்டால் கட்டளை உறுதியாகும். “வாடகைக்காரன் செய்த வேலை, எனக்கென்ன?” என்று வீட்டில் இருந்துவிடும் உரிமையாளரைப் பார்த்தால் எனக்குப் பதற்றம்தான் வரும். கட்டடத்தின் உரிமையாளர் மீதும் இந்தக் கட்டளை வரலாம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு மிளகாய் மில். மோட்டாரை நேரே தரையில் முடுக்கியிருந்தார்கள். அடுத்த வீட்டு அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. உரிமையாளர் பழைய அனுமதிப்பத்திரங்களைக் கட்டாகக் கொண்டுவந்தார். நான் அவரை முதலில் வேலையாட்களிடம் அனுப்பினேன். மோட்டாருக்கு அடியில் தடித்த இறப்பர், தூள் பறக்கும் வாய்க்குத் துணிப்பை, பொதுச்சுவரிலிருந்து தள்ளி வைத்த இயந்திரம். பிறகுதான் சத்தியக்கடதாசி, திகதியிட்ட படங்கள், பற்றுச்சீட்டுகள், நகர்த்தல் பத்திரம். மீள்பரிசோதனைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வந்தபோது, முறைப்பாடு செய்த அம்மாவின் சமையலறையிலும் நின்று கேட்கச் சொல்லி மன்றாடினேன். மில்லுக்குள் நின்று எழுதிய அறிக்கையை விட அங்கே நின்று எழுதியது பெறுமதியானது. 1996ஆம் ஆண்டின் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளும் காணி எல்லையில்தான் அளக்கச் சொல்கின்றன.

அறிக்கையைப் படித்த நீதவான் பகல்நேர வேலைக்கு மட்டும் அனுமதித்தார். உரிமையாளருக்கு மனக்குறை, எனக்கு அது நியாயமாகவே பட்டது.

தொழில் பெரிதென்றாலும் அயலவரின் முற்றம்தான் அளவுகோல். சுன்னாகத்து அனல்மின் நிலையத்தால் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. அந்தத் தீர்ப்பை என்னிடம் வரும் ஒவ்வொரு உரிமையாளருக்கும் சொல்கிறேன்.

இப்போது நான் எழுதும் குத்தகை உறுதிகளில் ஒரு வாசகம் தவறாமல் இருக்கும்: மாநகர சபையிலிருந்தோ பொலிஸிலிருந்தோ எந்தக் கடிதம் வந்தாலும் வாடகைக்காரர் அன்றைக்கே உரிமையாளருக்குப் பிரதி கொடுக்க வேண்டும்.