ஏழு பள்ளி நாள் சுற்றுலா, இரண்டாண்டு வழக்கு

2015 ஏப்ரலில், இங்கிலாந்தின் வைட் தீவைச் சேர்ந்த ஒரு தந்தை, பள்ளி அனுமதி மறுத்தும் மகளை ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துப் போனார். திரும்பியதும் 60 பவுண்டு அபராதம். கட்டவில்லை, 120 ஆனது. அதற்கும் மசியவில்லை, ஆள் அப்படி.

வழக்கு ஒரே சொல்லைச் சுற்றி நடந்தது. பிள்ளை 'ஒழுங்காக'ப் பள்ளிக்கு வரவேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். மகளின் வருகையோ 90 சதவீதத்துக்கு மேல். இது ஒழுங்கில்லையா? நியாயமான கேள்விதான், 2016இல் உயர் நீதிமன்றம் தந்தையின் பக்கம் நின்றது. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதைப் புரட்டிப்போட்டார்கள்: பள்ளியின் விதிப்படி வருவதுதான் ஒழுங்கு.

2024 ஆகஸ்டிலிருந்து அபராதம் 80 பவுண்டு. பெற்றோர் ஒவ்வொருவருக்கும், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர் என்று நாலு பேர் வீட்டுக்கு 320.

ஆனால் பள்ளி விடுமுறை மாதமான ஆகஸ்டில் லண்டனிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ குடும்பத்தோடு ஊருக்குப் போக டிக்கெட் பார்த்தவர்களுக்கு விலை எவ்வளவு ஏறும் என்று தெரியும். அபராதத்தையும் பயணச் செலவில் ஒரு வரியாக எழுதிவிட்டு பள்ளி நடக்கும் ஜூனிலேயே கிளம்புகிறவர்கள் உண்டு.